எடோ நகரத்து உலா

தமிழிலக்கியத்தில் உலா என்பது தலைவனுக்குரியது. அவன் யானைமீதோ தேர்மீதோ பவனி வருவான். ஏழு பருவ மகளிரும் வீதியில் நின்று அவனைக் காண்பர். டோக்கியோ என்று இன்று வழங்கும் எடோ நகரிலும் முதலில் உலா வந்தவர்கள் தலைவர்களே. நாட்டின் குறுநில மன்னர்களாகிய தைமியோக்கள் பல்லக்கில் அமர்ந்து, ஈட்டி ஏந்திய பரிவாரம் முன்னும் பின்னும் வரக் கோட்டைக்குச் செல்வதை ஊரார் தெருவோரம் நின்று பார்த்தனர். அந்த ஊராரே பின்னர் நால்வர் ஐவராய்க் கூடிக்கொண்டு, உணவுப் பெட்டியும் மதுக்குடுவையுமாகத் தம் நகரத்தைத் தாமே சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது, எத்தகைய இடங்கள் அதற்கு வாய்த்தன என்பதை அறிந்தால், அந்நகர மக்கள் தம் நகரத்தை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதும் விளங்கும்.

எடோ ஆட்சிக்காகக் கட்டப்பட்ட நகரம். 1590-இல் டோக்குகவா இயேயாசு அங்கு வந்து சேர்ந்தபோது அது கடலோரச் சதுப்பை ஒட்டிய சிறு கோட்டையூராக இருந்தது. 1603-இல் அவர் ஷோகன் பட்டம் பெற்றார். பேரரசர் கியோட்டோவிலேயே வீற்றிருக்க, ஆளும் அதிகாரம் எடோவுக்குப் பெயர்ந்தது. 1635-இல் உறுதிப்படுத்தப்பட்ட விதி, தைமியோக்கள் ஓராண்டு தம் நாட்டிலும் மறு ஆண்டு எடோவிலுமாக மாறி மாறி உறையவேண்டும் என்றது. அவர்தம் மனைவி மக்கள் எடோவிலேயே இருத்தல் வேண்டும். கிளர்ச்சி எழாமலிருக்க வாங்கிய பிணை இது என்பது வெளிப்படை. ஏறத்தாழ 260 தைமியோக்களின் மாளிகைகளும் அவர்தம் வீரர்களும், அவ்வீரர்களுக்கு அரிசி முதல் செருப்பு வரை விற்கும் வணிகரும் கைவினைஞரும் அங்குக் குவிய, பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது.

இப்பத்து லட்சம் பேரும் நகரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. நிலத்தில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு போர்வீரர் வகுப்பாருடையது. பௌத்தக் கோயில்களுக்கும் ஷிந்தோ ஆலயங்களுக்கும் ஒன்றரைப் பங்கு. மீந்த ஒன்றரைப் பங்கில்தான் நகர மக்களில் பாதிப்பேராகிய வணிகரும் கைவினைஞரும் கூலியாட்களும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பெருந்தெருவின் பின்னே, சாக்கடை ஓடும் சந்தின் இருமருங்கும் நீண்ட ஓட்டு வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு ‘நாகாயா’ என்று பெயர். அவற்றுள் மிக எளியதன் அளவு ஒன்பதடி முகப்பும் பன்னிரண்டடி ஆழமும். அடுப்பும் படுக்கையும் தொழிற்கருவியும் அதற்குள்ளேயே. கிணறும் கழிப்பிடமும் சந்து முழுமைக்கும் பொது.

ஒன்பதடி வீட்டில் நண்பரை வரவேற்க முடியாது. அவரோடு சேர்ந்து வெளியே செல்வதுதான் வழி. ஆனால் எங்கே செல்வது? கோட்டையைச் சுற்றி அகழியும் மதிலும். தைமியோக்களின் எழில்மிகு தோட்டங்கள் மூடிய கதவுகளுக்குப் பின்னே. அதிகாரம் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக எஞ்சியவை கோயில் வளாகங்கள், ஆற்றங்கரைகள், பிறகு தீ எரித்துவிட்டுப் போன வெற்றிடங்கள். எடோவாசிகளின் உலாத்தலங்கள் அனைத்தும் இவற்றிலிருந்து பிறந்தவையே எனலாம்.

தீயிலிருந்து பிறந்த தலத்தைச் சற்று விரிவாகக் காணல் தகும்.

1657-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மெய்ரெக்கி ஆண்டுக்கணக்கின் மூன்றாம் ஆண்டு முதல் மாதத்தில், எடோவில் மூண்ட பெருந்தீ இரண்டு நாள்களில் நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. மாண்டோர் தொகை ஒரு லட்சம் என்று கூறுவது வழக்கம். சாவு அத்துணை பெருகியதற்குத் தீ மட்டுமே காரணம் ஆகாது. சுமிதா ஆற்றின்மீது அந்நாளில் இருந்தது ஒரே பாலம். 1594-இல் கட்டிய அப்பாலமும் நகரின் வடகோடியிலுள்ள சென்ஜுவில் இருந்தது. பகைவர் எளிதில் ஆற்றைக் கடக்கலாகாது என்பதற்காக வேறு பாலம் கட்டவில்லை. மேற்கிலிருந்து தீ துரத்த, ஆற்றங்கரையில் முட்டி நின்ற மக்கள் எரிந்தும் நீரில் மூழ்கியும் இறந்தனர். சிறை அதிகாரி ஒருவர், தீ நெருங்கியபோது கைதிகளைத் திரும்பி வரும்படி சொல்லி அவிழ்த்துவிட்டார். கைதிகள் தப்பினர் என்று பிழையாகக் கேள்வியுற்ற காவலர் அசக்குசா வாயிற்கதவை அடைத்துவிட்டனர். அவ்வாயிலின் உட்புறத்தில் மாண்டோர் எண்ணற்றோர். அவிழ்த்துவிடப்பட்ட கைதிகளோ சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கோட்டையின் தலைமைக் கோபுரமும் அத்தீயில் எரிந்தது. அதை மீண்டும் எழுப்புவதைவிட நகரைச் சீர்செய்வதே முதற்கடன் என்று ஹோஷினா மசயூக்கி என்னும் ஆட்சியாளர் அறிவுரை கூறினார். கோபுரம் பின்னர் எழவே இல்லை. இன்று பேரரசர் மாளிகையின் கிழக்குத் தோட்டத்துக்குச் செல்வோர் அதன் வெற்றுக் கல்மேடையை மட்டும் காண்பர். எடோவின் அதிகாரச் சின்னம் இல்லாமற்போன அதே ஆண்டுகளில், எடோ மக்களின் தலம் ஒன்று உருப்பெற்றது. உற்றார் உறவினர் என்று கேட்பாரற்ற பிணங்களைச் சுமிதாவின் கீழ்க்கரையில் அடக்கம் செய்து, அங்கு எக்கோ-இன் என்னும் கோயிலை 1657-இலேயே நிறுவினர். சில ஆண்டுகளுக்குள் அவ்விடத்துக்கு நேராக ஆற்றின்மீது பாலமும் கட்டப்பட்டது. முசாஷி, ஷிமோசா ஆகிய இரு நாடுகளை அது இணைத்தமையால் ‘இரு நாடு’ எனப் பொருள்படும் ரியோகோக்கு என்ற பெயர் நிலைத்தது. அடுத்த தீ பாலத்தைத் தொடாதிருக்க அதன் அடிவாரத்தில் வீடுகளை அகற்றி அகன்ற வெளியொன்றை விட்டனர்.

அவ்வெளியில் நிலையான கட்டடம் எழுப்பத் தடை இருந்தது. வேண்டும்போது பிரித்து எடுக்கக்கூடிய கொட்டகைகளுக்கு மட்டும் இசைவு. வித்தைக்காரரும் கதைசொல்லிகளும் தேநீர்க்கடைக்காரரும் பொம்மலாட்டக்காரரும் அதைப் பற்றிக்கொண்டனர். மூங்கிலும் பாயும் கொண்டு காலையில் எழுந்து மாலையில் கலையும் ஓர் ஊர் அங்கே உண்டாயிற்று. 1821-இல் நாகசாக்கித் துறைமுகத்தில் வந்திறங்கிய ஒட்டக இணை ஒன்று 1824-இல் ரியோகோக்குக் கொட்டகையில் காட்டப்பட்டபோது நகரமே திரண்டது. எக்கோ-இன் கோயிலோ, தொலைநாட்டுக் கோயில்களின் திருவுருவங்களைக் கொணர்ந்து சில வாரங்கள் தரிசனத்துக்கு வைக்கும் விழாக்களுக்கு எடோவிலேயே பேர்பெற்ற இடமாயிற்று. 1833 முதல் சூமோ மற்போர்ப் போட்டிகளும் அதன் வளாகத்திலேயே நிலையாக நடைபெற்றன. ஒரு லட்சம் பேரின் அடக்கத்தலத்தில் மற்போர் பார்ப்பது பொருந்துமா என்று அயலார் வியக்கலாம். இறந்தோருக்கு வேண்டுவதும் இருப்போருக்கு வேண்டுவதும் ஒரே இடத்தில் நடைபெறுவதில் எடோவாசிகள் முரண் எதனையும் கண்டதாகத் தெரியவில்லை.

கோடையில் அப்பாலத்தருகே வாணவேடிக்கை நிகழும். 1732-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டோர்க்காக 1733-இல் ஆட்சியினர் நடத்திய சடங்கே அதன் தொடக்கம் என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. அதற்குச் சமகாலச் சான்று இல்லை என்பர் இக்கால ஆய்வாளர். செலவை ஏற்றவர்கள் படகுக்காரரும் உணவுவிடுதிக்காரரும் என்பது மட்டும் உறுதி. ஆட்டம் பார்க்க வருவோரின் காசே ஆட்டத்தை நடத்தியது. வாணம் செய்த இல்லங்கள் இரண்டு: ககியா, அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிந்த தமாயா. வானில் பூ விரியும்போது பார்வையாளர் தமக்குப் பிடித்த இல்லத்தின் பெயரை உரக்கக் கூவுவர். 1843-இல் தமாயாவின் வீட்டில் தீப்பற்றி அக்கம்பக்கத்தையும் எரித்துவிட்டது. ஷோகன் நிக்கோ யாத்திரைக்குப் புறப்படவிருந்த வேளை அது. தமாயா எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார்; அவ்வில்லத்தின் தொழில் அத்துடன் நின்றது.

மலர் காணும் தலங்கள் வேறு விதமாகப் பிறந்தன. வசந்தத்தில் செர்ரி மரங்கள் பூத்திருப்பது பத்துநாள் அளவே. எடோவில் புகழ்பெற்ற செர்ரி மரங்கள் உயேனோ குன்றிலுள்ள கனேய்ஜி கோயிலில் இருந்தன. 1625-இல் நிறுவப்பட்ட அக்கோயில் ஷோகன் குலத்தின் நினைவிடமும் ஆகும். அங்கே பூவைப் பார்க்கலாம். ஆடவும் பாடவும் தடை. அந்தி சாய்ந்தால் வாயில் அடைக்கப்படும். நண்பர் கூடிக் குடித்துக் களிக்கும் கூட்டத்துக்கு இது எவ்வாறு போதும்? எட்டாம் ஷோகன் யோஷிமுனே இதை உணர்ந்தவர் போலும். 1720-இலும் அடுத்த ஆண்டிலும் வடபுறத்து அசுக்கயாமா குன்றில் 1,270 செர்ரிக் கன்றுகளை நடச்செய்தார். மரங்கள் வளர்ந்தபின், 1737-இல் அக்குன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சுமிதா ஆற்றின் கரையிலும் அவர் காலத்திலேயே செர்ரி மரங்கள் நடப்பட்டன. சிக்கனத்துக்குப் பேர்போன அந்த ஷோகன், நகருக்குள் நெருக்குண்ட மக்கள் மூச்சுவிட ஓரிடம் அளிப்பதே மலிவான ஆட்சிமுறை என்று கருதியிருத்தல் கூடும்.

குன்றின் பெருமையை விளக்க அங்கு ஒரு கல்வெட்டும் நாட்டினர். நருஷிமா தோச்சிக்கு என்ற கன்பூசிய அறிஞர் இயற்றிய அதன் சீனநடை கற்றோருக்கே கடினம். படிக்க முடியாத கல்லைப் பார்த்து விழிக்கும் உலாக்கூட்டத்தினர், அக்காலத்து நையாண்டிச் சிறுபாடல்களுக்கு நல்ல பொருளாயினர். கல் இன்றும் நிற்கிறது.

எங்கே செல்வது என்று சொல்லும் நூல்களும் பெருகின. அசாய் ரியோய் எழுதிய ‘எடோ மெய்ஷோக்கி’ 1662-இலேயே வெளிவந்தது. பெருந்தீக்கு ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் எழுந்த நூல் அது என்பது கருதத்தக்கது. ‘மெய்ஷோ’ என்றால் பெயர்பெற்ற இடம். பழங்காலத்தில் கவிதையில் பாடப்பட்ட இடத்துக்கே அப்பெயர் உரியதாயிருந்தது. பாடல்பெற்ற தலம் என்று நாம் சொல்வது போன்றது. அவை பெரும்பாலும் கியோட்டோவைச் சூழ்ந்தே இருந்தன. புதுநகராகிய எடோவுக்கு அப்பேறு இல்லை. எனவே கால்கள் சென்ற இடமே அங்கு மெய்ஷோ ஆயிற்று.

இவ்வகை நூல்களின் முடிமணி ‘எடோ மெய்ஷோ சூயே’. கண்டா பகுதியில் ஊர்த்தலைமை வகித்த சைத்தோ குடும்பத்தினர் மூன்று தலைமுறையாக உழைத்து உருவாக்கியது அது. பாட்டனார் யூக்கியோ தொடங்கினார். மகன் யூக்கித்தக்கா ஊர் ஊராக நடந்து விரிவாக்கினார். பேரன் யூக்கினாரி, கெஷ்ஷின் என்ற புனைபெயரால் அறியப்படுபவர், 1834-இலும் 1836-இலும் இருபது புத்தகங்களாக வெளியிட்டு முடித்தார். ஹசெகவா செத்தன் வரைந்த படங்களில் கோயில்களும் பாலங்களும் மேலிருந்து பார்ப்பதுபோல் விரிகின்றன. உற்று நோக்கினால் ஒவ்வொன்றிலும் விரல்நுனி அளவில் மனிதர்கள்: ஒருவர் கைநீட்டிக் காட்ட மற்றவர் திரும்பிப் பார்க்கின்றனர், தேநீர்க்கடைப் பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்திருக்கின்றனர். அரசு அலுவலும் தெருச் சச்சரவும் தீர்த்துவைத்த ஊர்த்தலைவர்கள் மூவர் தம் ஓய்வையெல்லாம் இதற்கே செலவிட்டனர்.

இத்தகைய நூல்களை ஆவலோடு வாங்கியவர்களில் வெளியூர் வீரர்கள் முதன்மையானவர்கள். தைமியோவோடு எடோவுக்கு வரும் கீழ்நிலை வீரர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வருவார். வேலை குறைவு; ஊதியமும் குறைவு; பொழுது மிகுதி. இவர்களில் ஒருவரது நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறு. கீஷூ நாட்டு வகயாமாவைச் சேர்ந்த சகாய் பான்ஷிரோ 1860-இல் எடோவுக்கு வந்தார். வயது இருபத்தெட்டு. அரண்மனைச் சடங்குகளுக்குரிய ஆடை அணியும் முறையைக் கற்பிக்கும் பணியில் இருந்த தம் உறவினர் ஒருவருடன் வந்து, அகசாக்காவிலிருந்த கீஷூ மாளிகையின் வீரர் குடியிருப்பில் தங்கினார். மாதத்தில் சில நாள்களே பணி. அதுவும் முற்பகல் அளவில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் அவ்வுறவினருடனும் உடன் தங்கிய தோழர்களுடனும் நடைதான். அசக்குசா, உயேனோ, ரியோகோக்கு, ஷிபா என்று அவர் கால்படாத தலம் குறைவு. புதிதாகத் திறந்த யோக்கோஹாமா துறைமுகத்துக்குச் சென்று வெள்ளையரையும் பார்த்துவிட்டு வந்தார்.

நாட்குறிப்பில் காட்சி வருணனை அதிகம் இல்லை. எங்கே போனோம், யாரோடு போனோம், என்ன தின்றோம், என்ன விலை என்பதே பெரும்பாலும். சோபா மாவுக் கூழ்நூலும் சூஷியும் இனிப்பு உருண்டையும் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சளி பிடித்தால் ‘மருந்து’ என்ற பெயரில் பன்றியிறைச்சி உண்பதும் உண்டு. தாம் சமைத்துவைத்ததை அவ்வுறவினர் கேளாமல் தின்றுவிடுகிறார் என்ற மனத்தாங்கலையும் மறைக்கவில்லை. அரசியல் கொந்தளிப்பின் நடுவே வாழ்ந்த ஒருவர் உணவைப் பற்றியே எழுதினாரே என்று குறைகூறுவோர் உளர். அந்தக் குறை பொருளற்றது. மனைவியையும் மகளையும் பிரிந்து, சிறு ஊதியத்தில் ஓராண்டுக்கு மேல் கழித்தவருக்குத் தோழரோடு பகிர்ந்த ஒரு கிண்ணம் சோபாவே அந்நகரம் கொடுத்த விருந்து. காசை எண்ணி எண்ணிச் செலவிட்ட அக்கணக்குதான் பெருநூல்கள் சொல்லாத எடோவை நமக்குக் காட்டுகிறது.

அக்கொந்தளிப்பு எத்தகையது என்பதும், அது ஊர்காண் வழக்கத்தோடு எவ்வாறு பின்னிக்கிடந்தது என்பதும் சகாய் வருவதற்குச் சில மாதம் முன்பு நடந்த நிகழ்ச்சியால் விளங்கும். தைமியோக்களின் ஊர்வலத்தைக் காண்பதே வெளியூராருக்கு ஒரு காட்சி என்று முன்னர்க் கண்டோம். எந்தச் சின்னம் யாருடையது என்று அறிய ‘புக்கான்’ என்னும் கையேடுகள் விற்றன. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டை வாயிலருகே நிற்பது வழக்கம். 1860 மார்ச் 24 அன்று, பருவம் தவறிய பனி பெய்துகொண்டிருந்த காலையில், சகுராதா வாயிலுக்கு வெளியே அவ்வாறு சிலர் கையேட்டுடன் நின்றிருந்தனர். ஆட்சியின் தலைமை அமைச்சர் ஈ நவோசுக்கேயின் பல்லக்கு நெருங்கியதும் அவர்கள் வாளை உருவினர். ஊர் பார்க்க வந்தவர்போல் நடித்த மித்தோ நாட்டு வீரர்கள் அவர்கள். அமைச்சரின் தலை அங்கேயே வெட்டப்பட்டது. காவலருக்கு ஐயம் தோன்றாத அளவுக்கு எடோவில் வேடிக்கை பார்ப்பவர் இயல்பான காட்சியாகிவிட்டிருந்தனர்.

பெண்களின் உலாவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். எடோவை விட்டு வெளியே செல்லும் பெண்களைச் சாலைச் சாவடிகள் கடுமையாகச் சோதித்தன. தைமியோ மனைவியர் தப்பிவிடலாகாது என்ற அச்சம் எல்லாப் பெண்களின் தலையிலும் விழுந்தது. பூஜி மலையின் உச்சிக்கு ஏறவும் அவர்களுக்கு வழக்கமாக இசைவில்லை. பூஜி மலையை வழிபடும் குழுக்கள் எடோவில் ஏராளம். உறுப்பினர் காசு சேர்த்து, ஆண்டுதோறும் சிலரை மலைக்கு அனுப்புவர். போகவியலாதோருக்காக 1779-இல் தக்காதா பகுதியில் தோட்டக்கலைஞர் ஒருவர் குழுவினரோடு கூடி, உண்மை மலையிலிருந்து கொணர்ந்த எரிமலைப்பாறைகளைப் பதித்துச் சிறு பூஜிக்குன்று ஒன்றை எழுப்பினார். அதைப் பார்த்து மற்ற பகுதியாரும் எழுப்பினர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் சில நிமிடங்களில் ‘பூஜி’யின் உச்சியை அடைந்தனர். சென்தகாயாவிலுள்ள ஹத்தோனோமோரி ஆலயத்தில் 1789-இல் எழுந்த குன்று இன்றும் ஏறுவோரைத் தாங்குகிறது. விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் அக்குன்றை விதிக்கு அளித்த மறுமொழியாகவே கொள்ளவேண்டும்.

எடோவின் தலங்களை உலகம் அறியச்செய்தவர் ஓவியர் ஹிரோஷிகே. 1797-இல் பிறந்த அவர் கோட்டைத் தீயணைப்பு வீரர் ஒருவரின் மகன். இளமையிலேயே தந்தையின் பணியையும் ஏற்றவர். நகரம் எப்படி எரியும் என்று அறிந்த கை அது. 1855-இல் நிலநடுக்கமும் தொடர்ந்த தீயும் எடோவை மீண்டும் சிதைத்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ என்ற மர அச்சு ஓவியங்கள் வெளிவரத் தொடங்கி, 1858-இல் அவர் இறக்கும் வரை தொடர்ந்தன. இடிபாடு எதுவும் அவற்றில் இல்லை. அசக்குசாக் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரக் கலசம் நிலநடுக்கத்தில் வளைந்துபோயிற்று. அது செப்பனிடப்பட்ட 1856-இலேயே, பனிபடர்ந்த வளாகத்தில் நேராக நிற்கும் கோபுரத்தை ஹிரோஷிகே வரைந்தார். தாமும் நண்பரும் நடந்த இடங்கள் இருக்கின்றன, அல்லது மீண்டும் வரும் என்ற செய்தியைச் சில காசுக்கு வாங்க மக்கள் விரும்பினர். இவ்வரிசையின் இரு படங்களை 1887-இல் பாரிஸில் வான் கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். அவற்றுள் ஒன்றான கமேய்தோப் பிளம் மரத்தோட்டம் 1910-ஆம் ஆண்டு வெள்ளத்தோடு அழிந்தது.

1868-இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்து எடோ டோக்கியோ ஆனது. உயேனோ குன்றில் ஷோகன் பக்கத்து வீரர்கள் இறுதியாகப் போரிட்டு மடிய, கனேய்ஜியின் பெருமண்டபம் எரிந்தது. 1873-இல் புதிய அரசு, மக்கள் முன்பிருந்தே திரளாகக் கூடிக் கண்டு களிக்கும் இடங்களைப் பொதுப் பூங்காக்களாக அறிவிக்குமாறு ஆணையிட்டது. டோக்கியோவில் தேர்ந்தவை ஐந்து: உயேனோ, அசக்குசா, ஷிபா, ஃபுக்காகவா, அசுக்கயாமா. பூங்கா என்பது மேற்கிலிருந்து வந்த கருத்து என்பர். பெயர் அவ்வாறே வந்திருக்கலாம். இடத்தைத் தேர்ந்தவை இருநூறாண்டு நடந்த கால்கள். கோயில் மதிலுக்குள் தயவால் நுழைந்த கூட்டம் இப்போது உரிமையால் நுழைந்தது.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1890-இல் அசக்குசாவில் பன்னிரண்டடுக்குக் கோபுரம் எழுந்தது. ஜப்பானின் முதல் மின்தூக்கி அதில் ஓடியது, ஆனால் அடுத்த ஆண்டே ஆபத்தென்று நிறுத்தப்பட்டது. 1923 செப்டம்பர் 1-ஆம் நாள் நிலநடுக்கத்தில் கோபுரத்தின் மேற்பகுதி முறிந்தது. அப்பேரிடரில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,05,000 பேர். தீ அணைந்தும் சாவு நிற்கவில்லை. கொரியர் கிணற்றில் நஞ்சிட்டனர் என்ற வதந்தியை நம்பித் தெருமுனைகளில் தடிகளோடு நின்ற கூட்டங்கள், வழிப்போக்கரை நிறுத்திச் சில சொற்களை உச்சரிக்கச் சொல்லி, தடுமாறியவர்களைக் கொன்றன. மாண்ட கொரியர் ஆயிரக்கணக்கானோர். மலர் காண நடந்த அதே தெருக்களில் நடப்பதே சிலருக்கு மரணமாயிற்று என்பதை டோக்கியோவின் உலா வரலாறு விட்டுவிடலாகாது.

1927-இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயில் உயேனோவையும் அசக்குசாவையும் இணைத்தது. மக்கள் எங்கே செல்ல விரும்புவர் என்பதில் ரயில்காரருக்கு ஐயமே இல்லை. தமிழ்ப் பயண இலக்கிய முன்னோடி ஏ. கே. செட்டியார் 1930-களின் இடையில் ஒளிப்படக்கலை பயின்றது இவ்வாறு மீண்டெழுந்த டோக்கியோவில்தான். அந்நகரமும் நிலைக்கவில்லை. 1945 மார்ச் 9-ஆம் நாள் இரவு அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் சுமிதாவின் இரு கரையும் எரிந்து, ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். 1923-இல் தப்பிய அசக்குசாக் கோயிலின் பெருமண்டபம் இம்முறை தப்பவில்லை. இன்று காணும் மண்டபம் 1958-இல் காங்கிரீட்டால் எழுந்தது. வளாகத்தில் நிற்கும் முதிய கிங்கோ மரத்தின் கருகிய வடு மட்டும் அவ்விரவுக்குச் சான்று.

நண்பர்கள் சந்திக்கும் இடத்துக்கும் இவ்விதியே. இறந்த பேராசிரியருக்காக ஷிபுயா நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஹச்சிக்கோ என்ற நாய்க்கு 1934-இல், அது உயிரோடிருக்கும்போதே, வெண்கலச் சிலை வைத்தனர். போர்க்காலத்தில் அது உலோகத்துக்காக எடுக்கப்பட்டது. சிற்பி ஆந்தோ தேரு 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் இறந்தார். 1948-இல் அவர் மகன் தக்கேஷி மீண்டும் அச்சிலையைச் செய்து நிறுவினார். டோக்கியோவில் ஊர் சுற்றப் புறப்படும் இளைஞர் ‘ஹச்சிக்கோ முன்னால்’ என்று சொல்லிக்கொள்வது இந்த இரண்டாம் சிலையின் முன்புதான்.

பிற்காலத்து வளர்ச்சி மட்டும் பழைய தலங்களுக்கு நன்மையே செய்தது என்று சொல்ல முடியாது. நாட்டின் ஐந்து பெருவழிகளும் தொடங்கிய நிஹோன்பாஷிப் பாலத்தின் மேலே, ஒலிம்பிக் விழாவுக்காக 1963-இல் விரைவுச்சாலை எழுந்து வானத்தை மறைத்தது. அதை நிலத்தடிக்கு மாற்றும் பணி அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது. சுமிதாவின் நீர் ஆலைக்கழிவால் நாறியது. வண்டிகள் பெருகிக் கரையில் நிற்க இடமில்லை. ரியோகோக்கு வாணவேடிக்கை 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆறு ஓரளவு தூய்மையானபின், 1978-இல், சற்று மேலே, சுமிதா ஆற்று வாணவேடிக்கை என்ற பெயரில் அது திரும்பி வந்தது. கூடிய கூட்டத்தில், வானில் பூ விரியும்போது இன்றும் சிலர் பழைய முறைப்படி கூவுகின்றனர். ககியாவின் பெயர் குறைவாகவே கேட்கிறது. பெரும்பாலும் அவர்கள் அழைப்பது, 1843-இல் நகரைவிட்டு வெளியேற்றப்பட்ட தமாயாவை.